தாழ்ப்பாளுக்கு நன்றி

என் கண்ணு மகளே,

நேற்று உன் நன்றித் திருநாள் விருந்தில் வயிறு வலிக்கச் சிரித்தோம். "சாப்பாடு, குடும்பம்னு சொல்லக்கூடாது. வேற எதுக்காவது நன்றி சொல்லுங்க" என்று உன் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னாய். "டீச்சர் சுட்ட வான்கோழியத் தின்னும் உசிரோட இருக்கோமே, அதுக்கு நன்றி" என்றான் ஒருவன். அந்தக் குட்டிப் பெண் வில்லா, "எங்க குளியலறைத் தாழ்ப்பாளுக்கு நன்றி" என்றாள். அதற்கும் சிரித்தோம்.

தட்டு கழுவும்போது அவளிடம் கேட்டேன். "யாருக்குடி தாழ்ப்பாள் போடுற?"

"அப்பாவுக்குத்தான் பாட்டி. நானும் அம்மாவும் உள்ள போயிடுவோம். இப்ப ஆணி ஆடுது."

உன் அக்காவும் போனில் இப்படி ஒரு கதவைப் பற்றிச் சொன்னாள். "புருஷன் பொண்டாட்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தவள் நான். ஏப்ரலில் அவளைப் புதைத்தோம்.

காலையிலிருந்து வில்லா வீட்டுப் போன் அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. போலீஸுக்குச் சொன்னேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். மதியமாகிவிட்டது. நீ கடையிலிருந்து வரும்வரை என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. மிச்ச வான்கோழியைக் கொடுக்கிற சாக்கில் போகிறேன். அந்த இரண்டு பேரையும் காரில் ஏற்றாமல் திரும்பமாட்டேன்.

நான்கு மணிக்குள் நான் வராவிட்டால், நீ தனியாக அங்கே வராதே. எனக்கு மிச்சமிருப்பது நீ ஒருத்திதான்.

உன் அம்மா