இந்தப் பகுதி பின்னர் எழுதப்படும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ அங்கே நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா உட்பட எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத இப்போதைக்குக் கை வரவில்லை.

கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே ‘அக்கா, ஒரு நிமிஷம், மீட்டிங்’ என்பாய். இணையத்தில் உங்கள் கேள்வி பதில் ஃபோரத்தில் எழுதினால் கேள்வியைப் பூட்டிவிடுவீர்கள். காகிதத்தைப் பூட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அந்த அளவுக்கு உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் அப்பா சமாச்சாரம். காயம் ஆறி வருகிறது. கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. அந்தக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட நானும் அத்தானும் பழகிக்கொண்டோம். கரைத்த ஆகாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கட்டியை முழுக்க எடுத்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். கட்டியோடு குரல்வளையும் போய்விட்டது. அது முன்னாலேயே தெரிந்ததுதான்.

வீடு எப்படி இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டாய். மார்க்கெட்டில் காலம் பூராவும் காய்கறி ஏலம் விட்ட மனுஷன். வீட்டுக்குள் தண்ணீர் கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் கொண்டுவந்து கொடுப்பார் என்று நாம் கிண்டல் செய்வோம். ‘வீட்டுக்குள்ள ஏலம் விடாதீங்க’ என்று நாள் தவறாமல் சண்டை போட்ட அம்மா, இப்போது அடுக்களையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அதைக் கேட்காமலே வேலை செய்கிறாள். அணைத்தால் கோபம் வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை என்று முடிவானதும் உன் மென்பொருளைப் பற்றிச் சொன்னது நீதான். ‘குரலை முன்கூட்டியே பதிஞ்சு வெச்சிட்டா போதும்க்கா, அப்புறம் அப்பா எழுதுறதை அது அவர் குரல்லயே பேசும். நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து செய்றது. ஓப்பன் சோர்ஸ். இலவசம். எல்லாம் வழிகாட்டிப் பக்கத்துல இருக்கு’ என்றாய். நீ மேடையில் அதைப் பற்றிப் பேசிய வீடியோவை அப்பா எத்தனை முறை போட்டுப் பார்த்தார் என்று எனக்குக் கணக்கில்லை. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நீ கையை விரித்துச் சொல்லும் இடம் வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

துணி அலமாரி இருக்கும் அந்தச் சின்ன அறையில் ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். உங்கள் வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். ‘நீல நிற யானை ஏணியில் ஏறி ஞாயிற்றைப் பார்த்தது.’ அப்பா சிரித்துவிட்டார். ‘யானை எதுக்கும்மா ஏணி ஏறுது? இதை எழுதினவன் யானையைப் பாத்ததில்லையா, ஏணியைப் பாத்ததில்லையா?’ என்றார். எல்லா எழுத்துச் சத்தமும் வர வேண்டுமாம், அதற்காக என்று சமாதானம் சொன்னேன். அவர் வாயைத் திறந்தாலே திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் அதிகம் என்று. மெதுவாகப் படிங்கப்பா என்றால், ‘மெதுவாப் பேசினா அது என் குரலே இல்லையே’ என்று என்னிடம் சண்டை. கடைசியில் மைக்கை அலமாரியின் மறுகோடியில் வைத்தோம், விளக்கு பச்சையானது. இது உங்கள் வழிகாட்டியில் இல்லை. நானாகக் கண்டுபிடித்தது.

போகப் போகச் சிரிப்பு குறைந்துவிட்டது. இருமல் வந்தால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். விழுங்கும்போது வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்வார். இன்றைக்குப் போதும்பா என்று நான் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைப்பார். ‘தம்பி செஞ்சது, அரைகுறையா விட்டா நல்லாருக்காது’ என்பார். அத்தனை வாக்கியத்தையும் முடித்தார். அதற்கப்புறம் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் பேசிப் பதிந்தார். தக்காளிக் கூடையை ஏலம் விட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். உன்னை வீட்டில் கூப்பிடும் பேரைச் சொல்லி, எழுந்திரு, பஸ் போயிடும் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

பாதி முடிந்தபோதே எனக்கு ஒரு சந்தேகம். பதிந்ததெல்லாம் எங்கே போய் உட்காருகிறது? நாமாகச் சேமிக்க வேண்டுமா? உன்னிடம் கேட்டு எழுதினேன். ‘அக்கா, இதெல்லாம் எனக்குத் தனியா அனுப்பாதே. ஃபோரம்ல போடு, நாலு பேருக்குப் பயன்படும். அதுதான் எங்க வழக்கம்’ என்று பதில் போட்டாய். சரி, வழக்கம் என்றால் வழக்கம். கடைப் பேரிலேயே ‘மருந்துக்கடை’ என்று பதிவு செய்து, என் கேள்வியைப் போட்டேன். கழுகு என்ற புனைபெயரில் ஒருவர் வந்தார். ‘வழிகாட்டியில் இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள். அடுத்தவர் நேரத்தை மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போனார். அதன் கீழே, இந்தக் கேள்வி முடிந்தது, பூட்டியவர் ஆந்தை என்று இருந்தது.

ஆந்தை யார் என்று எனக்குத் தெரியாதா? ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு பாடாய்ப் படுத்துகிறாய் என்று சின்ன வயதில் நான் உனக்கு வைத்த பேர் அது.

வழிகாட்டியைப் படிக்காமல் நான் கேட்கவில்லை. மாத்திரை உறையில் எழுதியிருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற தொழில் எனக்கு. அந்தப் பக்கத்தில் ‘பதிவுகளைச் சேமிக்கும் முறை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு இருக்கிறது. அதன் கீழே ஒரே வரி: ‘இந்தப் பகுதி பின்னர் எழுதப்படும்.’ இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. வேண்டுமானால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா.

கேள்வியைப் படிக்காமலே பூட்டியிருப்பாய், அது நான் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பூட்டியிருக்க மாட்டாய், உடனே ஃபோன் செய்து சொல்லியிருப்பாய். தம்பி, எனக்குக் கசப்பதே அதுதான். உன் அக்காவாக இல்லாத ஒருத்தி கேட்டால் கதவைச் சாத்துவாயா? நான் மறுபடி கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் பச்சை டிக் போட்டு ‘பதிவாகிவிட்டது’ என்று உன் மென்பொருளே சொன்னது. அதை நம்பினேன்.

அப்பாவை உள்ளே கொண்டுபோன அன்று அத்தானும் நானும் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்கார முடியவில்லை. அவர் கண் விழிக்கும்போது குரல் தயாராக இருக்கட்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். குரலை உருவாக்கு என்று அழுத்தினேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது, முதலில் அப்டேட் செய்யுங்கள் என்று அதுவே கேட்டது. செய்தேன். அது ஒழுங்காக ஓடி முடித்து, வரவேற்பு சொல்லிவிட்டு, முதல் வாக்கியத்தைப் படிக்கச் சொன்னது. நீல நிற யானை. பக்கத்தில் டிக் எதுவும் இல்லை. கீழே வரைக்கும் போய்ப் பார்த்தேன், எதற்குமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் கழுத்தைத் திறந்திருந்தார்கள்.

அத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெரிந்த ரிப்பேர் கடைகளுக்கெல்லாம் ஓடினார். பழையதன் மேலேயே புதியது எழுதிவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றார்கள். ஃபோனில் கிடக்கும் குரல் செய்திகளை வைத்துச் செய்யலாமா என்று பார்த்தேன். எல்லாம் மார்க்கெட்டிலிருந்து பேசியது, லாரி ஹாரன்தான் பாதி. உன் மென்பொருள் ஒன்றைக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை.

ஃபோரத்தில் போய் நடந்ததை எழுதினேன். இந்த முறை கழுகு கொஞ்சம் மரியாதையாகவே வந்தார். பதிவுகள் தற்காலிக ஃபோல்டரில்தான் இருக்கும், அப்டேட்டுக்கு முன்னால் நகல் எடுக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். எல்லோரும் என்றால் யார்? நீங்கள் நாலைந்து பேர். உங்களுக்குத் தெரியும் என்பதால் ஒருவரும் எழுதவில்லை. கடைசியாக, ‘நாங்கள் சம்பளம் வாங்காமல் செய்கிறோம். குறை தெரிந்தால் நீங்களே எழுதி அனுப்பலாமே’ என்றார்.

இலவசமாகக் கொடுத்ததற்கு நன்றி சொல்லச் சொன்னால் சொல்கிறேன். ஆனால் எங்கள் கடைக்கு எதிரே அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். அங்கேயும் சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால் என்று உறையில் எழுதித்தான் கொடுக்கிறார்கள். சும்மா கொடுக்கிறோமே, தெரிந்தவன் தெரிந்துகொள்ளட்டும் என்று எந்தக் கம்பவுண்டரும் வெறும் கையில் மாத்திரையைக் கொட்டியதை நான் பார்த்ததில்லை.

கழுகு சொன்னபடி வழிகாட்டியில் சேர்க்க ஒரு குறிப்பு எழுதியும் அனுப்பினேன். ‘அப்டேட் செய்தால் இதுவரை பதிந்த குரல் எல்லாம் அழிந்துபோகும். முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.’ இவ்வளவுதான். தலைப்பு உங்கள் விதிமுறைப்படி இல்லை என்று திரும்பி வந்தது. திருத்தி மறுபடி அனுப்பினேன். ஆந்தையின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று காட்டுகிறது. இன்று காலையில் கடை திறப்பதற்கு முன்னால் பார்த்தேன், காத்துக்கொண்டுதான் இருக்கிறது. எனக்காக வேண்டாம். எங்களுக்கு அந்த வரி இனி எதற்கு? இதே நேரத்தில் யாராவது ஒரு பெண், எந்த ஊரிலோ, ஜன்னலுக்குக் கம்பளி கட்டிக்கொண்டு தன் அப்பாவைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பாள். இந்தப் பத்தியைப் படித்ததும் எழுந்து போய் அதற்கு ஒப்புதல் கொடு. மற்றதை அப்புறம் படிக்கலாம்.

இன்னொன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அப்பாவுக்கு எதுவும் தெரியாது. கண் விழித்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்த எழுதுபலகையில் அவர் எழுதிக் காட்டியது ‘குரல் ரெடியா?’ என்றுதான். தம்பி அங்கே கடைசி வேலையை முடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் அவசரப்படுவதே இல்லை. மார்க்கெட் நண்பர்கள் பார்க்க வந்தால் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டுகிறார்: ‘பையன் செய்றான். கொஞ்சம் பொறுங்க.’ காட்டிவிட்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கிறார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ அப்பாவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எனக்கு மட்டும் ‘அப்பா எப்படி?’ என்று எழுதுகிறாய். பதில் பேச முடியாதவரிடம் ஃபோனில் என்ன பேசுவது என்று உனக்குத் தயக்கம், அது எனக்குப் புரிகிறது. நீ எப்போதும் கூப்பிடுகிற நேரம் வந்தால் அவர் ஃபோனை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறார். நேரம் தாண்டியதும் திரும்ப மேஜையில் வைத்துவிடுகிறார்.

போனது அவருடைய குரல்தான், தம்பி. காது நன்றாகக் கேட்கிறது. நீயே கூப்பிட்டு, நீயே சொல்லிவிடு. என்னால் முடியாது. வழிகாட்டியில் ஏன் அந்த வரி இல்லை என்று அவருக்குப் புரியும்படி சொல். நீ சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது. அவரால் திட்டவும் முடியாது, போகட்டும்பா என்று சொல்லவும் முடியாது. அதற்காக ஃபோனை வைத்துவிடாதே. அவராக வைக்கும்வரை நீ வைக்காமல் இரு.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி தூங்கு. நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடியாக முடியட்டும்.

என்றும் அன்புடன்,
உன் அக்கா