குடைக்காரிகளின் கடைசிப் பகுதி

என் ஆசைத் தம்பி ஜூட்,

உன் மகள் குடைக்காரிகளின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டாள். கடிதம் என்றால் சுகம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். உன்னிடம் சுகம் விசாரித்து என்ன பதில் வரப்போகிறது? அதனால் நேரே சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லாம் வழமைபோலத்தான். வாவிக்காற்று பின்னேரம் மட்டும் வருகிறது. உன் கடை இருந்த இடத்தில் யாரோ மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். கோயில் பாடகர் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன், மைக்கை மட்டும் என்னிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறார்கள். தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு பூசுகிறேன்.

இதை எட்டிப் பார்த்து வாசிப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருந்த என் தம்பி, தலை நரைத்த பிறகும் ஜப்பான் கார்ட்டூன் பார்த்தவன். அதுவும் எப்படிப்பட்ட கார்ட்டூன்? தொடக்கத்தில் ரிப்பன், பாட்டு, துள்ளல், முகத்தில் பாதிக்குக் கண் வைத்த பெண்பிள்ளைகள், கதைக்கத் தெரிந்த குட்டிப் பிராணி ஒன்று. மூன்றாம் பகுதி வந்ததும் அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறு கதை கிடப்பது தெரியவரும். அதற்குப் பிறகு யாரும் துள்ளுவதில்லை.

இதை ஆட்களுக்குக் காட்டுவதில் உனக்கென்று ஒரு முறை இருந்தது. வந்தவரைப் பிரம்புக் கதிரையில் இருத்துவாய். கையில் வறுத்த கச்சான் கடலை கொடுப்பாய். “சின்னப் பிள்ளையள்ட படம்தான், சும்மா பாருங்க” என்பாய். பிறகு உன் கதிரையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்க்கத் தொடங்குவாய். உன்னுடைய படம் அந்த முகத்தில்தான் ஓடும்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் றிஸ்வி நானாவையும் அப்படித்தான் பிடித்தாய். போன் திருத்த வந்த மனுசன். முதல் இரண்டு பகுதியிலும் அந்தப் பிள்ளைகளின் பாவாடை என்ன துணி என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மூன்றாவதில் கச்சானை விழுங்க மறந்துபோனார்.

“ஜூட், அந்தத் தலைவிப் பிள்ளைக்கு என்ன நடக்கும் எண்டு மட்டும் சொல்லு. நான் போய்க் கடையத் திறக்கோணும்.”

“பாத்தாத் தெரியும் நானா.”

“நீயெல்லாம் ஒரு மனுசனாடா?”

அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை. முடிவை முந்திச் சொல்பவர்களை நீ வீட்டுக்குள் எடுக்கவே மாட்டாய். ஒருமுறை வாய் தவறிச் சொன்ன மைத்துனனுக்குக் கிறிஸ்மஸ் கேக் அனுப்பவில்லை, ஞாபகமா?

நான் மாட்டுப்பட்டதும் அவர் பார்த்த அதே குடைக்காரிகளில்தான். ஜப்பான் பெயர் என் வாயில் நுழையாததால் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டோம். நாலு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மந்திரக் குடையை விரிப்பார்கள், கறுப்பு மழை ஓடிப்போகும், ஊர் பிழைக்கும். தொடக்கப் பாட்டை நானும் சேர்ந்து பாடினேன். மூன்றாம் பகுதியில் தலைவிப் பிள்ளை ஊரைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். தாய் கதவைத் திறந்து, “யார் பிள்ள நீ?” என்று மரியாதையாகக் கேட்கிறாள். குடையை விரிக்கும் ஒவ்வொரு தரமும் அவர்களை நேசிக்கும் ஒருவர் அவர்களை மறந்துபோவார். குடையைக் கொடுத்த அந்தக் கொழுத்த தவளை இதை முதலே சொல்லியிருக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் கச்சான் இருந்த கடதாசிச் சரையை உன்மேல் எறிந்தேன். நீ என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

“ஏன்டா இந்தக் கண்றாவி? சந்தோசமான கார்ட்டூன் ஒண்டும் கிடைக்கல்லயா?” என்று கேட்டேன்.

“மத்ததுகள்ள பிள்ளையள் பயப்பிடுறதே இல்லக்கா. ரிப்பன் கட்டினாப் பயம் வராதா? இதில இவளுகளுக்குப் பயம் வருது. அப்பிடியும் குடைய விரிக்கிறாளுகள். அதுதான் பாக்கிறன்.”

நான் அதற்கும் ஏதோ பகிடி சொல்லியிருப்பேன்.

பிறகு நீயும் உன் மகள் ஷெரினும் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தீர்கள். கடைசிப் பகுதி மிச்சம் இருந்தபோது உனக்கு நெஞ்சு நோவு வந்தது. ஆட்டோவில் ஏறும்போது மகளிடம், “தனியப் பாத்திராத. நான் வந்தாப்போல பாப்பம்” என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது சனிக்கிழமை கழிந்திருந்தது.

அதற்குப் பிறகு உன் மகள் அழவில்லை. பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். உன் பேச்சு வந்தால் எழும்பிப் போய்க் கோழிக்குத் தீன் போட்டாள். உன் கோழிகள் இந்த வருடம் நன்றாகக் கொழுத்துவிட்டன. ரீவிக்குப் பக்கத்தில் இருந்த உன் ஹார்ட் டிஸ்க்கை ஒருவரும் தொட முடியாது. தானும் போட்டுப் பார்க்கமாட்டாள். சொன்ன சொல் அப்படியே கிடந்தது.

உன் ஆண்டுப் பூசை முடிந்த கையோடு மச்சாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். உன் மனுசியைப் பற்றி உனக்குத் தெரியும், குரலை உயர்த்தாமலே ஆளை உட்கார வைப்பாள்.

“மச்சாள், வாற வெள்ளிக்கிழம றிஸ்வி நானா வருவார். அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டிய அவரிட்டக் குடுத்து உள்ள இருக்கிறதெல்லாத்தையும் ஆரையும் கொண்டு அழிக்கச் சொல்லப்போறன்.”

“ஏன் மச்சாள்?”

“அந்த விசர்ப் படங்களப் பாத்துத்தான் பிள்ள கல்லு மாதிரி இருக்கு. நல்ல சந்தோசமான படம் ஏதும் இருந்தா நீங்களே பாத்து எடுத்துப் போடுங்க. மத்ததெல்லாம் போகட்டும்.”

பொறுப்பை யாரிடம் கொடுத்தாள் பார். ஆனால் எனக்கு வேறு பயம். அந்தக் கடைசிப் பகுதி அழிந்துபோனால் பிள்ளை ஒருநாளும் அதைப் பார்க்கப் போவதில்லை. பார்க்காமல் வைத்திருக்கவும் ஒன்று இருக்காது. அப்பாவோடு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமைப் பின்னேரம் போனேன். கையில் பேக்கரியில் வாங்கிய இறைச்சிப் பற்றீஸ் பையும் இருந்தது. மச்சாள் தையலுக்குக் கொடுத்த சட்டையை எடுக்கப் போயிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று பார்ப்போம், பிறகு மெல்ல விஷயத்துக்கு வருவோம் என்பது என் திட்டம். குடைக்காரிகளைத் தொடமாட்டேன் என்று பிள்ளையிடம் சத்தியம் பண்ணிவிட்டு, பெட்டிக்குள் இருந்த படங்களில் எனக்குப் பிடித்ததைத் தேடினேன். ஏப்ரன் கட்டிய முயல்கள், கரட் தோட்டம், பேக்கரி, வானவில். இதைவிடச் சந்தோசமானது எங்கே கிடைக்கும்?

“இதப் பாப்பமா மனே?”

ஷெரின் அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இதயா மாமி?”

“ஓம். சமையல் படம் போல கிடக்கு.”

“சரி. பாருங்க” என்றாள்.

முயல்கள் பாடிக்கொண்டு மாவு பிசைந்தன. இறைச்சி அப்பம் சுட்டன. ஒவ்வொரு நாளும் ஒரு முயல் விடுமுறை எடுத்துக்கொண்டு பெரிய ஊருக்குப் போகும், மற்ற முயல்கள் கைகாட்டும். நான் இரண்டாவது பற்றீஸை எடுத்துக் கடித்தேன். மூன்றாம் பகுதியில் பேக்கரியின் நிரந்தர வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நரி. விடுமுறைக்குப் போன முயல்களின் ஏப்ரன்கள் எல்லாம் குசினிக் கதவுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கின.

பற்றீஸ் என் வாயில் அப்படியே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது.

உன் மகள் கதிரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தாள். எப்போது திருப்பினாள் என்று தெரியாது. திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையிலிருந்து சரிந்து சிரித்தாள்.

“நீ இத முதலே பாத்திருக்காய்” என்றேன், வாய் நிறைய மாவோடு.

“அப்பா காட்டின. நானும் உங்களப் போலதான் இருந்த. அப்பா என்ட முகத்தையே பாத்துட்டு இருந்தார்.”

ஒரு வருடத்தில் அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பற்றீஸ் பையை அவள் பக்கம் தள்ளினேன். கோழிகள் தீனுக்குக் கத்தின. அவள் எழும்பிப் போகவில்லை.

கொஞ்சம் பொறுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மாமி, மற்றதப் பாப்பமா?” என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

மச்சாள் திரும்பி வந்தபோது குடைக்காரிகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சட்டைப் பையோடு நின்றாள். மகள் தேம்பித் தேம்பி அழுவதைக் கண்டாள். என்னைப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். வந்து மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். “ஆர் இந்தக் குடை வச்சிருக்கிற பிள்ள?” என்று கேட்டாள். ஷெரின் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். தவளையை மட்டும் நம்ப வேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை றிஸ்வி நானா வந்தார். பெட்டியை யாரும் கொடுக்கவில்லை. பிளேன்ரீ குடித்துவிட்டு, “முடிஞ்சதா? தலைவிப் பிள்ளைக்கு என்ன நடந்த?” என்று கேட்டார். அவரும் உனக்காகக் கடைசிப் பகுதியைப் பார்க்காமல்தான் வைத்திருந்தாராம். ஷெரின் அவரைக் கதிரையில் இருத்தி, கையில் கச்சான் கொடுத்தாள்.

முடிவை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நேற்று அவளிடம் சொன்னபோது அவள் விடவில்லை. “அப்பாவுக்குச் சொல்லாதீங்க மாமி. முடிவச் சொன்னா அவருக்குக் கோவம் வரும்.” அவள் சொல்வது சரிதான். இல்லாவிட்டால் எனக்கும் கேக் வராது.

இன்னொன்று. முடிவு எனக்கே சரியாகத் தெரியாது, தம்பி. தாய்க்கு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்ததா, வரவில்லையா என்று கேட்டால் முழிப்பேன். அந்தப் பகுதி முழுவதும் நான் திரையைப் பார்க்கவில்லை. கதிரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தேன்.

இனி அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் கச்சான் நான் வறுத்துக் கொடுப்பேன். ஷெரின் படத்தைப் போடுவாள். முடிவைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கமாட்டோம், உனக்கும் சேர்த்துத்தான்.

முயல் படத்துக்காக உன்னை இன்னும் மன்னிக்காத,
உன் ஸ்டெல்லா அக்கா