ஆறாவது ஸ்விட்ச்

மார்ச் 3, திங்கள்

பேத்தி ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னாள். கீழ்த்தளத்து மியூசியத்தை இந்த வருஷத்தோடு மூடுகிறார்களாம். "அங்க காபிக் கடை வரப்போகுது பாட்டி."

வரட்டும். முப்பத்தோரு வருஷம் ஓடியதே பெரிசு. அவள் அந்தக் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். நான் அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தைக் கூட்டித் துடைத்தவள். மியூசியம் திறந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருஷம்.

மூடுவதற்கு முன்னால் அதன் கதையைப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். எழுதுவதற்கு ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்களாம். "உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே. நான் உங்களப் பத்திச் சொல்லிட்டேன்."

சொல்லிட்டாளாம். யாரைக் கேட்டுச் சொன்னாள்?

மார்ச் 4, செவ்வாய்

சோறு இறங்கவில்லை.

மார்ச் 8, சனி

வந்துவிட்டுப் போய்விட்டாள். வாய் முழுக்கச் சிரிப்பு, கையில் மூன்று நோட்டு. நோட்டுக்காரி என்றே வைத்துக்கொள்கிறேன். நாற்காலியில் உட்காரச் சொன்னால் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நல்ல பெண்தான். அதுதான் பயமாக இருக்கிறது. கெட்டவள் கேட்டால் வாயை மூடிக்கொள்ளலாம்.

கேட்டதற்கெல்லாம் சொன்னேன். பெரிய முதலாளிக்குப் படப் பைத்தியம். தன் ஆபீஸ் ஆட்கள் லிஃப்டுக்குப் போகிற வழியில் தினம் ஒரு நல்ல படத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கீழ்த்தளத்தில் பாதியைப் பிரித்துக் கொடுத்தார். ஊரின் பெரிய மியூசியம் தன்னுடைய படங்களை அனுப்பி, இது எங்கள் கிளை என்று பலகை மாட்டியது. முதல் நாள் வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் கக்கூஸ் எங்கே என்று கேட்க வந்தவர்கள். சொன்னதும் நோட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்னிடம் சொல்லி வைத்திருந்த சட்டத்தையும் சொன்னேன். படத்துக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் ஒரு கை தூரம் இருக்க வேண்டும். நான் இரண்டு கை தூரம் விடுவேன். அந்தப் படங்கள் இருந்த ஹாலுக்குத் தனி ஏசி. ஆபீஸ் ஏசி சாயங்காலம் நின்றுவிடும். இது மட்டும் ராத்திரி பகல் ஓட வேண்டும். நின்றால் படத்துக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று காவல்காரத் தம்பி சொல்லும்.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அந்தக் காவல்காரர் பின்கதவத் திறந்து போட்டுட்டுப் போனதால மழை ஈரம் புகுந்துதான் மரப்பலகைல வரைஞ்ச படம் வெடிச்சுதாமே? அதுக்கப்புறம் பெரிய மியூசியம் பழைய படம் எதையுமே அனுப்பலையாம். கிளை படுத்ததே அங்கதான்னு எழுதலாம்னு இருக்கேன். நீங்க அப்ப அங்கதான இருந்தீங்க?"

இருந்தேன் என்றேன். தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மார்ச் 9, ஞாயிறு

என் நாத்தனார் என் கல்யாணத்தன்று எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டு என் அம்மாவை நிற்க வைத்தாள். ஐம்பது வருஷம் ஆகிறது. இன்றுவரை அவள் வீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. போனால் நின்றபடியே பேசிவிட்டு வந்துவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி திருப்பித் தராத சல்லடை என்ன நிறம் என்றுகூடச் சொல்வேன். எதையும் இரண்டாம் தரம் போய்ப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. வைத்தது வைத்த இடத்தில் இருக்கும், எனக்குத் தெரியும்.

அடுத்தவர் எனக்குச் செய்ததை இத்தனை துல்லியமாக வைத்திருக்கிற மண்டையில் நான் செய்தது மட்டும் மறந்தா போகும்?

மார்ச் 12, புதன்

நோட்டுக்காரி போன் செய்தாள். பழைய பெட்டி ஒன்றில் அந்த வாரத்துத் தாள் கிடைத்திருக்கிறதாம். சனிக்கிழமை எடுத்து வருகிறாளாம். ரொம்ப சுவாரசியமாக இருக்கிறதாம்.

எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

எழுதிவிடுகிறேன். வாயால் வராதது கையாலாவது வரட்டும்.

காவல்காரத் தம்பி கழுத்தில் ஒரு விசிலை மாட்டிக்கொண்டிருக்கும். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட ஊதியதில்லை. அதனால் எல்லோரும் தம்பியையே விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூன்று வயசு சின்னது, என்னை அக்கா என்று கூப்பிடும். அதன் பெண்டாட்டி கட்டிக் கொடுக்கும் டப்பாவில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும்.

ஆபீசுக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. வெளியே விடாத மழை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, "ஒரு லைட்டுகூட எரியக் கூடாது, எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போ" என்றான். சோப்புக் கட்டியை நூலால் அறுத்து வாரத்துக்கு ஒரு துண்டு கொடுக்கிறவன் அவன். என் துடைப்ப அறையில்தான் ஸ்விட்ச் பெட்டி. பக்கத்தில் எழுதியிருக்கும், ஆனால் எனக்குப் படிக்க வராத எழுத்து. எனக்கு எண்ணிக்கைதான். மேலிருந்து ஆறாவதைத் தொடாதே. ஆறாவது மியூசியம் ஏசி. ஐந்து வருஷமாகத் தொட்டதில்லை.

அன்றைக்கும் தொடவில்லை. ஆறாவதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அணைத்தேன்.

முந்தைய நாள் எலக்ட்ரீஷியன் வந்து, தண்ணீர் குளிரவைக்கும் மெஷினுக்கென்று நடுவில் ஒரு ஸ்விட்சைச் செருகியிருக்கிறான். அது ஆறாவது ஆகிவிட்டது. மியூசியம் ஏழாவது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. துடைப்பக்காரியிடம் யார் சொல்வார்கள்? மூன்று நாளும் அந்த மெஷின் யாரும் குடிக்காத தண்ணீரை ஜில்லென்று வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. படங்கள் ஈரத்தில் வெந்திருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை விடியக்காலை நான்தான் முதல் ஆள். ஹாலுக்குள் கால் வைத்ததும் ஈரத் துணி வாசனை. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். புரிந்தது. ஏழாவதைப் போட்டேன். அப்புறம் ஹாலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தேன்.

பழக்காரி வெடித்திருந்தாள். பலகையில் வரைந்த பழைய படம், ஜன்னலோரம் உட்கார்ந்து பழம் உரிக்கிற பெண். நெற்றியிலிருந்து தோள்வரை பிளவு. கன்னத்து வண்ணம் செதில் செதிலாகத் தரையில். நான் துடைக்க வேண்டிய தரையில்.

எட்டு மணிக்கு விசில் வந்தது. சூப்பர்வைசர் வந்தான். "பின்கதவைப் பூட்டினியா?" என்று கேட்டான். விசில் யோசித்தது. "பூட்டினேன் சார்... பூட்டினதாத்தான் ஞாபகம்" என்றது. அந்த ஒரு வார்த்தை போதும். "ஞாபகமா? உன் ஞாபகத்த நம்பியா அவங்க படத்தக் குடுத்தாங்க?"

நான் வாளியோடு இரண்டு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அது விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனது. என்னைப் பார்த்து, "வரேன்க்கா" என்றது.

இருபத்தாறு வருஷம். அவர்கள் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. சுற்றிப் போகும் பஸ்ஸில்தான் ஏறுகிறேன். வீட்டில் கேட்டால் இதில்தான் உட்கார இடம் கிடைக்கும் என்கிறேன்.

மார்ச் 15, சனி

அந்தத் தாள். ஹாலின் மூலையில் கண்ணாடி டப்பாவுக்குள் ஒரு உருளை மெல்லச் சுற்றும். அதன்மேல் சுற்றிய தாளில் இரண்டு பேனாக்கள் வாரம் முழுக்கக் கோடு போடும். மேலே சூடு, கீழே ஈரம். கோடு நேராகப் போனால் படங்கள் சுகமாக இருக்கின்றன என்று அர்த்தம். எனக்கு அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே விசில்தான்.

நோட்டுக்காரி தரையில் விரித்துக் காட்டினாள். "பாருங்கம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ரெண்டு கோடும் ஏறுது. காவல்காரர் ஆறு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார். சரி, கதவு அப்புறமா காத்துல திறந்துகிச்சுன்னு வச்சுக்குவோம். ஆனா செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு முன்னாடியே ரெண்டும் சட்டுனு இறங்குது. அவர் வந்தது எட்டு மணிக்கு. இது கதவு இல்லம்மா. யாரோ ஏசியை அணைச்சிருக்காங்க. யாரோ வந்து போட்டும் இருக்காங்க. அந்த நேரத்துல யார் வருவாங்க?"

என் கட்டைவிரல் தாளின் ஓரத்தில் இருந்தது. எடுக்க முடியவில்லை.

"ஞாபகமில்லம்மா" என்றேன்.

எழுபத்தொரு வயசில் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னேன்.

காபி கொண்டுவந்த பேத்தி அப்படியே நின்றுவிட்டாள். "பாட்டி, உங்களுக்கா ஞாபகமில்ல?"

மார்ச் 17, திங்கள்

மகன் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்கிறான். "போன மாசம் கரண்டி எங்கன்னு கேட்டீங்க, இப்ப இது. சும்மா ஒரு செக்கப்மா." மருமகள் பதமாகக் கேட்கிறாள், இன்று என்ன கிழமை அத்தை என்று. திங்கள். உன் சின்ன மாமா என் பாத்திரத்தை நசுக்கிவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்ததும் ஒரு திங்கட்கிழமைதான் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொல்லிவிட்டால் இந்த வீட்டில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? "எங்க பாட்டி இங்க வேல பாத்தவங்க" என்று அந்தக் குட்டி ஒன்பதாம் மாடி முழுக்கப் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறதே. ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்தவளின் பேத்தி என்று அவளைப் பார்ப்பார்களா? சூப்பர்வைசர்தான் அணைக்கச் சொன்னான், எலக்ட்ரீஷியன்தான் சொல்லாமல் போனான். இருபத்தாறு வருஷமாக இந்த இரண்டு பேரையும் திட்டித் திட்டித்தான் சோறு தின்றேன். சரி, அணைத்தது அவர்கள் தப்பு என்றே இருக்கட்டும். வாயை மூடிக்கொண்டு நின்றது யார் தப்புடி?

மார்ச் 20, வியாழன்

நோட்டுக்காரி மறுபடி போன் செய்தாள். விசிலைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்த்துவிட்டாளாம். கதவு இல்லை, ஏசி என்று எவ்வளவு சொல்லியும் அது நம்பவில்லையாம்.

"'இல்லம்மா, நான்தான் திறந்து போட்டிருப்பேன், எனக்கு அப்பவே மறதி'ன்னு சொல்றார். அவரே ஒத்துக்கும்போது நான் வேற மாதிரி எழுத முடியாதுல்ல? யாராவது ஒருத்தர் சொன்னாத்தான் மாத்த முடியும்."

அதுவா மறதிக்காரன்? மூன்று மாதத்துக்கு முன்னால் வந்துபோன ஆள் எந்தப் படத்துக்கு முன்னால் நின்றார் என்று சொல்லுமே. பாவி, உன் தலையில் நானே கல்லைத் தூக்கி வைத்துவிட்டேனே.

மார்ச் 22, சனி

நேர் பஸ்ஸில் போனேன். ஏழே நிறுத்தம்.

வீடு பூட்டியிருந்தது. திரும்பிவிடலாம் என்று காலே சந்தோஷப்பட்டது. அதற்குள் தெருமுனையில் இரண்டு பேரும் வந்தார்கள். பெண்டாட்டிக்காரி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அக்கா! வாங்கக்கா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" விசில் நரைத்துப் போய், காது கொஞ்சம் மந்தமாகி, அதே சிரிப்பு. "வாங்கக்கா, உள்ள வாங்க." பூட்டைத் திறந்தது. உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டது. இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தது. உட்கார்ந்தது. எழுந்து மறுபடி போனது.

"கண்டுக்காதீங்கக்கா. வேல போனதுலேர்ந்து இப்படித்தான். வெளிய போனா பாதித் தெருவுல நின்னு, பூட்டினேனான்னு திரும்பி வருவார். என் தங்கச்சி கல்யாணத்துக்கே இதனால பஸ்ஸ விட்டோம்."

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். ஆறாவது, ஏழாவது, தண்ணீர் மெஷின், காலையில் மறுபடி போட்டது எல்லாம் சொன்னேன். "நீ கதவப் பூட்டினேப்பா. நல்லாத்தான் பூட்டின. காலையில நான் வரும்போது தாழ்ப்பாள் போட்டபடியேதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

பெண்டாட்டிக்காரி கையை வாயில் வைத்துக்கொண்டாள். விசில் என்னையே பார்த்தது. அடிக்கட்டுமே என்றிருந்தது எனக்கு.

"பாத்தீங்களா? தாழ்ப்பாள் போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"மேல் தாழ்ப்பாளா?"

"மேலயும் கீழயும்."

தலையை ஆட்டியது. பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டது.

"சரிம்மா. நீங்க கிளம்புங்க."

அக்கா இல்லை. அம்மா. பஸ்ஸில் வழி கேட்கிற கிழவியைக் கூப்பிடுகிற மாதிரி.

மார்ச் 23, ஞாயிறு

நோட்டுக்காரிக்குச் சொல்லிவிட்டேன். பேத்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் சொன்னேன். "பேர் போடாம எழுதட்டுமாம்மா? ஒரு துப்புரவுப் பணியாளர்னு?" என்றாள். அவன் பெயரைப் போட்டு எழுத இருந்தாயே, என் பெயரையும் போடு என்றேன்.

பேத்தி எழுந்தாள். என் கையைப் பிடிக்கவில்லை. அவள் அறைக்குப் போனாள். மத்தியானம் வந்து, "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 2, புதன்

பேத்தி ஆபீசில் நடந்த எதையும் இப்போதெல்லாம் வீட்டில் சொல்வதில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

விசிலின் பெண்டாட்டி போன் செய்தாள். குரலைத் தணித்துக்கொண்டு பேசினாள்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஒரு தடவதான் பூட்டினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துட்டோம், திரும்பியே பாக்கல. நான் வேணும்னே மெதுவா நடந்தேன். பாக்கல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இன்னொண்ணு... அவர் சொல்லச் சொன்னார். உங்ககூட இனிமே பேசமாட்டாராம். நானும் பேசக் கூடாதாம். இதான் கடைசி."

நியாயம். நானாக இருந்தால் அந்தக் கதவைக்கூடத் திறந்திருக்க மாட்டேன். அந்த ஆள் சாகும்வரை என்னை மன்னிக்க வேண்டாம். நாத்தனார் வீட்டு நாற்காலி மாதிரி என்னை வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்குக் கிளம்பினேன். பாதித் தெருவில் கால் நின்றுவிட்டது. ஃபேனை அணைத்தேனா? அணைத்தேன் — அணைத்ததாகத்தான்...

திரும்பி வந்து பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. வாசல்வரை போய்விட்டு இன்னொரு தரம் வந்து பார்த்தேன்.