பக்கவாட்டில் வைத்த கை

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் உன் அக்காவும் நலம். போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் பொறுத்துக்கொள்.

நுரையீரலில் இருக்கும் புள்ளிக்காக எடுத்த இரண்டு சி.டி. ஸ்கேன் அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அடியில் கதிர்வீச்சு அளவு என்று ஓர் எண். முதல் முறை 310. இரண்டாம் முறை 520. அதே மெஷின், அதே மார்பு. நான் இரண்டு கிலோ இளைத்தும் இருக்கிறேன். நடுவில் மாறியது ஒன்றுதான்: விழுந்து மேல்கை எலும்பு முறிந்து, தகடும் எட்டுத் திருகும் வைத்தது. முப்பத்தாறு வருடம் மின்சார மீட்டர் சோதித்தவன். காரணம் தெரியாமல் எண் ஏறினால் மனம் ஒப்பாது. அன்று மெஷினை இயக்கியவன் நீ என்பதால் கேட்கிறேன்.

அன்புடன்,
அத்தான்

மார்ச் 6

அத்தானுக்கு வணக்கம்.

ரிட்டயர் ஆகியும் மீட்டரை விடவில்லையா? நல்ல வேளை, என் மெஷினுக்கு சீல் வைக்காமல் போனீர்கள்!

விஷயம் சின்னது. கை தலைக்கு மேலே போயிருக்க வேண்டும். நீங்கள் "ஆ" என்றீர்கள். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள். "சரி, பக்கத்திலேயே இருக்கட்டும்" என்றுவிட்டேன். தகடு மார்பை ஒட்டி வந்துவிட்டது. உலோகம் குறுக்கே நின்றால், கதிர் பத்தவில்லை என்று மெஷின் தானாகவே கூட்டிக்கொள்ளும். ஒன்றும் ஆகிவிடாது.

எங்கள் ஸ்கேன் பிரிவின் பெரிய டாக்டருக்கு எதுவும் எழுதிவைக்காதீர்கள். அடுத்த மாதம் எனக்குப் பிரிவுத் தலைவர் பதவி வரப்போகிறது. நீங்கள் வாயில்லாப் பூச்சி என்ற தைரியத்தில் இருக்கிறேன்.

உங்கள் மச்சான்

மார்ச் 24

மச்சானுக்கு,

ஒளிக்காமல் எழுதினாய், நன்றி. ஒரு முறைக்கு ஒன்றும் ஆகாது, சரி. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அந்தப் பதினாலு பேரில் எத்தனை பேர் உடம்பில் தகடு என்று யாராவது கேட்டீர்களா?

இரண்டு வாரமாகச் சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையைப் பழக்குகிறேன். உன் அக்கா பென்சிலால் கோடு போடுகிறாள். நேற்றைய கோடு தலையைத் தாண்டிவிட்டது. வியாழன் வருவேன். கையைக் கீழே வைக்கச் சொன்னால் மேஜையை விட்டு இறங்குவேன். இதைப் பென்சிலில் இல்லை, மையில்தான் எழுதுகிறேன்.

பெரிய டாக்டருக்கும் எழுதிவிட்டேன். அன்று நான் வாய் திறக்காததை முதல் வரியிலேயே சேர்த்திருக்கிறேன்.

அத்தான்

மார்ச் 28

மச்சானுக்கு,

நேற்று நீ லீவு என்றார்கள். உன் இடத்தில் ஒரு பெண். "கையைப் பக்கத்துலயே வெச்சுக்கோங்க தாத்தா, அஞ்சே நிமிஷம்" என்றாள்.

இறங்கிவிட்டேன். முதுகில் முடிச்சுப் போடும் அந்த அங்கியோடு நின்றேன். கதவுக்கு வெளியே, "பெரியவருக்கு என்னவாம்?" "படுக்க மாட்டாராம்!"

"தகடு இருக்கும்மா. கை மேல போகாம படுக்க மாட்டேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். என் தோளைப் பார்த்தாள். போய் இரண்டு தலையணை கொண்டுவந்தாள். வலித்தது. "ஆ" என்றேன். கையை இறக்கவில்லை.

எண் 322. புள்ளி வளரவில்லை.

டாக்டருக்கு எழுதியதில் உன் பெயர் இல்லை. பழைய அறிக்கையின் ஓரத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. அதை நான் அழிக்க மாட்டேன். அவர் கூப்பிடுமுன் நீயே போய்ச் சொல். பதவி போனால் என்மேல் கோபப்படு. ஞாயிறு உன் அக்கா வழக்கம்போல உனக்கும் தட்டு வைப்பாள்.

நீ வராவிட்டாலும் மூன்று மாதத்தில் நான் வருவேன். அன்று டூட்டியில் நீயாக இருந்தால், தலையணையை முதலிலேயே எடுத்து வை.

அத்தான்