வலது தோளின் அளவு

பிப்ரவரி 3, செவ்வாய்

குத்தகைதாரர் முருகையன் மண்வெட்டிக் காம்பால் தோளில் அடித்துவிட்டார் என்று புகார் கொடுத்திருக்கும் குடவாசல் நிலக்காரர், நான் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு இன்று வந்தார். வலது கையை அசைக்கவே முடியவில்லையாம். தோளின் தசைநாரை அளப்பதற்காக, அந்தக் கையைப் பின்பாக்கெட்டில் வைப்பதுபோல் வைக்கச் சொன்னேன்.

“வேட்டியில ஏதும்மா பாக்கெட்?” என்று சிரித்தவர், சட்டென்று அதே கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார். இரண்டு தோளிலும் தசைநார் ஒரே தடிமன். கிழிசல் இல்லை.

“கிழிஞ்சிருக்குல்ல?” என்றார்.

“டாக்டர் சொல்லுவாருங்க.”

“அவர்கிட்ட நேத்தே பேசியாச்சும்மா.”

முருகையன் சிறைக்குப் போனால் குத்தகை நிலமும் போய்விடும். கிழிசல் இல்லை என்றே எழுதி டாக்டரின் கையெழுத்துக்கு வைத்தேன். மாலையில் அவர் மேசையில் அந்தத் தாள் இல்லை.

ஸ்கேன் படத்தின் இன்னொரு பிரதி என்னிடம் இருக்கிறது. போலீஸிடம் கொடுக்கலாம். ஆனால் ஸ்டேஷன் வாசலில் எப்போதும் நிற்பது நிலக்காரரின் கார்தான்.