பொழுது இறங்கினால் கழற்ற வேண்டிய கண்ணாடி

சிங்காநல்லூர்
2.8.1996

அன்புக் கண்ணு தம்பிதுரைக்கு அம்மா பாவாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை மதிவதனியும் சுகம், அகமதாபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் மனசு ஆறும். அப்பாவும் சுகம்தான், ஆனால் அவர் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன், பொங்கி வழிந்த பிறகுதான் பால் ஞாபகமே வருகிறது.

இந்த வருஷம் ஆடிக் காற்று பேயாக அடிக்கிறது. குளத்து ரோட்டில் போகும்போது அப்பாவின் கண்ணில் பூச்சி அடித்து, கண் சிவந்து வீங்கி மில்லுக்கு லீவு போட்டதை எழுதியிருந்தேன், நீயும் உடனே கறுப்புக் கண்ணாடி வாங்கிப் பார்சலில் அனுப்பினாய். அவர் சொல்லிவைத்த மில் வேலை வேண்டாமென்று நீ போத்தனூரில் ரயிலேறிய நாளிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, கடிதமெல்லாம் எனக்குத்தான். அந்தப் பார்சலில் மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் "அப்பாவுக்கு" என்று எழுதி வைத்திருந்தாய். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை சும்மா போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து அதைக் கழற்றுவதே இல்லை. பகலில் வெயிலுக்கும் தூசிக்கும் நல்லதுதான், ராத்திரி ஷிப்டுக்குப் பொழுது இறங்கின பிறகு போகும்போதும் அதேதான். பக்கத்து வீட்டு மாசாணம் வந்து "ஏனுங்க்கா, அண்ணனுக்கு மெட்ராஸ் ஐ-ங்களா, எங்கூட்டுப் புள்ளைகளை இந்தப் பக்கம் உடலாமுங்களா" என்று கேட்கிறாள், சிரிப்பதா அழுவதா? போன வாரம் மங்கல் வெளிச்சத்தில் விளக்கில்லாமல் நின்ற டயர் மாட்டுவண்டி தெரியாமல், கடைசி நொடியில் பிரேக் போட்டு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். கேட்டால் "வண்டிக்காரன் பண்ணுன தப்புக்குக் கண்ணாடி என்ன புள்ள பண்ணும், பையன் வாங்கிக் குடுத்ததாக்கும்" என்கிறார்.

மதிவதனியைக் கூட்டிக்கொண்டு உக்கடத்தில் ரசாக் பாய் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நான் தங்க பிரேம் ஒன்றை எடுத்தேன், "அது கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போறதுங்கம்மா, வண்டிக்கு ஆகாதுங்க" என்று வாங்கி வைத்துவிட்டார். இருட்டுக்கு நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிதான் வேண்டும், காற்றும் பூச்சியும் நுழையாமல் பக்கம் மூடியிருக்க வேண்டும், உடைந்தால் கண்ணைக் குத்தாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்று அவரே ஒன்று எடுத்துக் கொடுத்தார். நான் மாட்டிப் பார்த்தேன், மதிவதனி பக்கத்தில் நின்று ஊதினாள், சொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. வீட்டுக்கு வந்து, தம்பிதுரை இதையும் அனுப்பியிருக்கிறான் என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேன். அப்பா பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எடுக்காமல் அடியில் இருந்த துணியை விலக்கித் துழாவினார். பிறகு மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, "அவன் அனுப்பியிருந்தா சீட்டு வெச்சிருப்பான்" என்று சொல்லிக் கறுப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் அவர் தூங்கும்போது கறுப்புக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன் கண்ணு, நீ எழுதின காகிதம் நாலாக மடித்து அதற்குள் இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால் நீ வேறு கண்ணாடி வாங்கி அனுப்ப வேண்டாம், நல்லது வீட்டிலேயே இருக்கிறது. பொழுது இறங்கினால் கறுப்பைக் கழற்றி வெள்ளையைப் போடுங்கள் அப்பா என்று ஒரு வரி எழுது, போதும். அண்ணன் கையெழுத்து மாதிரியே எழுதித் தருகிறேன் என்று மதிவதனி சொன்னாள், ஒரு பொய்யே போதுமென்று அதட்டிவிட்டேன். நீயும் அங்கே வண்டி வாங்கியிருக்கிறாயாமே, பகலுக்கு ஒன்று இருட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள், அப்பா மாதிரி பிடிவாதம் பிடிக்காதே. அவிநாசியப்பன் உன் கண்ணையும் வழியையும் காக்கட்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தைச் சுணங்காமல் போடு. இந்த முறை கவரின் மேல் என் பெயர் வேண்டாம், சென்னியப்பன் என்று அப்பா பெயரையே எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
பாவாத்தாள்