முனி வெங்காயம் உரித்த படம்

ஐப்பசி 10, ஞாயிறு

விடியற்காலை முதல் தூறல். தேயிலைச் சரிவெங்கும் பனிமூட்டம். கோயில் கோபுரம் பத்து மணிக்குத்தான் கண்ணில் பட்டது. பதிகம் பாடி முடித்து வீடு. இட்லி மூன்று. முழங்கால் வலி சற்றுக் குறைவு.

மா. 3. தோட்டத்து மண்டபத்தில் படம். ‘லயத்துக்கு வந்த முனி’. கோலாலம்பூரில் நம் பிள்ளைகள் எடுத்ததாம். குடும்பத்தோடு சிரித்துப் பார்க்கலாம் என்று கோயில் தலைவர் சுப்பையா வாசலில் நின்று அழைத்தார். கோயில் செயலாளன் போகாமல் இருப்பது முறையன்று. போனேன்.

போயிருக்கலாகாது.

மனிதர்கள் மெய்யான மனிதர்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடும் மெய்யான வீடு. அவர்களுக்கு நடுவே நடமாடும் முனியாண்டி மட்டும் கார்ட்டூன். சாலையை அகலப்படுத்துவதற்காக அவர் குடியிருக்கும் கல்லைப் பெயர்த்துவிடுகிறார்கள். போக்கிடமின்றி ஒரு லோரி ஓட்டுநரின் வீட்டில் வந்து தங்குகிறார். பாலில்லாத தே ஓ குடிக்கிறார். அட்டைப் பூச்சியைக் கண்டு நாற்காலி மீது ஏறுகிறார். வீட்டுப் பெண்மணி அவரது அரிவாளைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒரு கூடை வெங்காயத்தை முன்னால் தள்ளுகிறாள். “சும்மாதானே உக்காந்திருக்கீங்க, உரிங்க சாமி.” உரிக்கிறார். கண்ணைக் கசக்குகிறார்.

சிரிப்பில் மண்டபமே அதிர்ந்தது. நான் எழுந்துவிட்டேன். பாதிப் படம் ஓடியிருக்கும். வெளியேறும்போது பலர் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் சினத்தைக் கண்டு அடங்கினார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

வீடு வந்து சேர்ந்தேன். கவாத்துக்கோ களையெடுப்புக்கோ புதுக் காட்டில் இறங்குமுன் சுருட்டு ஏற்றி வைத்து வணங்கும் காவல் தெய்வம். பெயரைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் சொல்வோம்.

மனைவி சரோஜா முழுவதும் பார்த்துவிட்டு ஐந்தரைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. ஏன் என்றேன். “சிரிச்சு சிரிச்சு” என்றாள். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறம். இவளுமா.

ஐப்பசி 11, திங்கள்

மழை இல்லை. குளிர் கடுமை.

அடுத்த ஞாயிறும் அதே படமாம். காலையிலேயே மண்டபக் கதவில் ஒட்டிவிட்டார்கள். உடனே அமர்ந்து சுப்பையாவுக்குக் கடிதம், இரண்டு பக்கம். சாரம்:

1. காவல் தெய்வத்தைக் கேலிப்பொருளாக்கியது அபசாரம்.
2. மறுதிரையிடல் நிறுத்தப்பட வேண்டும்.
3. இல்லையேல் செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்க வேண்டும்.

சுப்பையா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார்.

“கிராணியாரே, நீங்க கடைசி வரைக்கும் பாக்கலதானே?” (எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டாகியும் தோட்டத்துக்கு நான் கிராணியார்தான்.)

“பார்த்த வரையில் போதும்.”

“சரி லா. நான் ஒருத்தனா முடிவெடுத்தா நல்லா இருக்காது. பாத்தவங்க என்ன சொல்றாங்கன்னு எழுதிட்டு வாங்க. வெள்ளிக்கெழம கூட்டத்துல படிச்சிட்டு முடிவு செய்வோம்.”

முறையான யோசனை. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கினேன். முதல் வரியில் என் பெயர், என் கருத்து. ஊர் முழுவதும் என்னைப் போலவே கொதித்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஐப்பசி 12, செவ்வாய்

கா. 7. நாற்றுமேடைக்குப் போகும் வழியில் முனியின் கல். அதன்முன் ஓர் அலுமினியத் தட்டு. தட்டில் ஐந்து வெங்காயம்.

பார்த்தவன் பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் பச்சையம்மாள், நாற்றுமேடையில் இன்னும் வேலை செய்யும் மிகச் சில தமிழ்ப் பெண்களில் ஒருத்தி, கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“இதென்ன?”

“வெங்காயம்யா.”

“தெரிகிறது. ஏன்?”

“தோலோடதான் வச்சிருக்கேன். அவரே உரிச்சுக்கட்டும்.”

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். குறிப்பேட்டை எடுத்தேன். கை தானாக எழுதியது.

பச்சையம்மாளுக்கு என் முகம் பார்த்துப் பயம் வந்திருக்க வேண்டும். “கோவிச்சுக்காதீங்கய்யா. சின்னப் புள்ளையில இருந்து அவருகிட்ட வந்தாலே எனக்குக் கையி காலு நடுங்கும். கும்புட்டதும் ஓடிருவேன். நேத்துதான் பேசணும்போல இருந்துச்சு. உக்காந்து மக வீட்டு சங்கதி எல்லாத்தையும் சொன்னேன். அர மணி நேரம்.”

அதையும் எழுதினேன். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. ஆதரவா, எதிர்ப்பா, வழிபாடா.

அடுத்து மளிகைக் கடை அருள்மேரி. மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள். இவளாவது வருந்தியிருப்பாள் என்று நம்பினேன். “சாமிய இப்புடிப் பாத்ததில்ல, மொதல்ல பக்குன்னுதான் இருந்துச்சு. அப்பறம் நம்ம வீட்டு ஆளு மாதிரி ஆயிட்டாரு. மொழி புரியாத பங்ளாதேஷ் ஆளுங்ககூட அந்த அட்டை சீனுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஆமா, நீங்க கடைசி வரைக்கும் பாத்தீங்களாய்யா?”

இதே கேள்வி. இன்றைக்கு மட்டும் ஆறு பேர் வாயிலிருந்து. கேட்டுவிட்டு எல்லாரும் வேறெங்கோ பார்க்கிறார்கள்.

மாலை வரை பதினோரு பேர். என் பக்கம் யாருமில்லை.

ஐப்பசி 13, புதன்

எழுதும் நிலையில் இல்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

குமரன், காய்கறி லோரி ஓட்டுபவன். கியா பார்மிலிருந்து முட்டைக்கோசு ஏற்றி வந்து கடைவாசலில் நிறுத்தியிருந்தான். அவன் கருத்து: “படத்துல ஒரே தப்புதான்யா. கியா பார்ம் மேட்ட அந்த லோரி மூணாவது கியர்ல ஏறுது. ஏறாது. முனியே வந்து தள்ளுனாலும் ஏறாது.” எழுதிக்கொண்டேன். அபசாரம் பற்றி ஏதும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

தலையைச் சொறிந்தான். “ஐயா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது.”

“சொல்.”

“முனி நடந்து வர்றப்ப மொத்த ஹாலும் உங்களத்தான் திரும்பிப் பாத்துச்சு. பேசறதுக்கு முன்னால மூணு வாட்டி தொண்டைய செருமுறது. சும்மா இருக்கறப்ப வெரல் விட்டுத் தாளம் எண்ணுறது. அருவாள சட்டைக் காலர்ல பின்பக்கமா மாட்டிக்கிறது. நீங்க கொடைய மாட்டுறீங்களே, அப்படியே.”

அந்த நொடியில் குடை என் காலரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அது போதாதென்று தொண்டை வேறு. செருமாமல் அடக்கிக்கொண்டே வீடு வந்தேன்.

சரோஜா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் யாரோ என்னைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள், உனக்குத் தெரியுமா என்றேன். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

“மங்கைதான் வரைஞ்சா.”

எங்கள் ஒரே மகள். மங்கையர்க்கரசி.

“கடைசில பேரு வந்துச்சு. மங்கையர்க்கரசி த/பெ சிவஞானம்னு. உங்க பேரும் சேந்துதான். ஹாலே கை தட்டுச்சு. நீங்கதான் இல்ல.”

பதினோரு ஆண்டாக அவள் கோலாலம்பூரில். கணினி வேலை என்றாள். நானும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொல்லி வந்தேன். வாரம் தவறாமல் தொலைபேசி: மழையா, சாப்பிட்டாயா, முழங்கால் எப்படி. கணினியில் என்ன செய்கிறாய் என்று ஒரு முறையும் கேட்டதில்லை.

“ஏன் எல்லாரும் என்னிடம் மறைத்தீர்கள்?”

“சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?”

போயிருக்கமாட்டேன்.

மறுதிரையிடலைக் கேட்டதே அவள்தானாம். “நீங்க பாதில எந்திரிச்சுட்டீங்கன்னு ஞாயித்துக்கெழமையே போன்ல சொல்லிட்டேன். இன்னொரு வாட்டி போடச் சொல்லி சுப்பையா அண்ணன்கிட்ட அவதான் பேசுனா. சனிக்கெழம வர்றா. உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணுமாம்.”

ஆக, நான் நிறுத்தச் சொல்லி எழுதியது என் மகள் என்னிடம் கேட்கும் ஒன்றை. சுப்பையா ஏன் இரண்டு முறை கண்ணாடி துடைத்தார் என்பது இப்போது விளங்குகிறது. தோட்டமே அறிந்ததை நான் மட்டும் அறியாமல் வீடு வீடாகக் குறிப்பேட்டோடு நடந்திருக்கிறேன்.

தெய்வத்துக்கு என் நடையைக் கொடுத்தது அபசாரம். எனக்குத் தெய்வத்தின் கோலத்தைக் கொடுத்தது அதைவிடப் பெரிய அபசாரம். இரண்டையும் பெற்ற மகளே செய்திருக்கிறாள். கேலியா, வேறெதுவுமா? ஊரார் கருத்தெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. அவள் கருத்து இல்லை.

ஐப்பசி 14, வியாழன்

பதிகத்தில் இரண்டு இடம் மறந்துபோயிற்று. இத்தனை ஆண்டில் முதல் முறை. குருக்கள் எடுத்துக்கொடுத்தார்.

ஐப்பசி 15, வெள்ளி

நல்ல மழை. கூட்டத்துக்கு ஒன்பது பேர்.

தொடங்குமுன் சுப்பையா என்னைத் தனியே அழைத்து, கடிதத்தை என் சட்டைப்பையில் வைத்தார். “இத நீங்க குடுக்கல, நான் வாங்கல. முடிஞ்சுது.”

அன்பான மனிதர். ஆனால் கொடுத்ததைக் கொடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது. எடுத்து மேசைமேல் வைத்தேன். குறிப்பேட்டைப் பிரித்து, எழுதியது எழுதியபடி எல்லாவற்றையும் படித்தேன். வெங்காயம் வந்ததும் சிரிப்பு. கியர் வந்ததும் பெரிய சிரிப்பு. மூன்றாவதா இரண்டாவதா என்று சிறு வாக்குவாதம்கூட. படித்துக்கொண்டே வந்ததில் எனக்கே ஒரு முறை உதடு நெளிந்தது. பதிவு செய்கிறேன், மறைப்பதற்கில்லை.

ஆதரவு இருபத்திரண்டு. எதிர்ப்பு ஒன்று.

“அந்த ஒண்ண என்ன செய்யறது கிராணியாரே? அடிச்சிருங்களேன்” என்றார் சுப்பையா.

மூன்று முறை செருமினேன். ஒருவர் மேசைக்கடியில் குனிந்துகொண்டார். “அடிப்பதற்கில்லை. ஆனால் அது பாதிப் படத்துக்கான கருத்து. பாதி கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதியது என் பிழை. மறுபாதி பார்த்தபின் எழுதித் தருகிறேன்.”

ஞாயிறு படம் உண்டு என்று முடிவு.

ஐப்பசி 16, சனி

மா. 4. மங்கை வந்து சேர்ந்தாள். இளைத்திருக்கிறாள். கண்ணாடி புதிது.

“கால் எப்படிப்பா இருக்கு?”

“பரவாயில்லை. மழையா அங்கே?”

“மழைதான்.”

படத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு முறை குடையை எடுத்துக் காலர் பக்கம் கொண்டுபோய், நடுவழியில் நிறுத்திவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். தேநீர்க் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே இருவருமாக முனியின் கல்வரை நடந்தோம். தட்டில் இப்போது வெங்காயம் பதினைந்துக்கு மேல்; பெரியதும் சிறியதும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“யாருப்பா இதெல்லாம் வச்சா?”

“உன் ரசிகர்கள்.”

வெகுநேரம் சிரித்தாள். பிறகு எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு முறையாக வணங்கினாள். அச்சம் குறைந்த வணக்கம். ஆனால் பக்தி குறைந்ததென்று சொல்ல முடியவில்லை.

ஐப்பசி 17, ஞாயிறு

தூறல். மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். ரிங்லெட்டிலிருந்தும் கம்போங் ராஜாவிலிருந்தும் வந்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் நான், மங்கை, சரோஜா.

வெங்காயக் காட்சியில் மங்கை திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை நான். அதன்பின் வந்தது நான் பார்த்திராத பாதி.

லோரி ஓட்டுநரின் மகள் வேலைக்காகக் கோலாலம்பூர் புறப்படுகிறாள். முனி வழியனுப்பமாட்டேன் என்கிறார். காவல் தெய்வம் எல்லை தாண்டலாகாது, பேருந்து நிறுத்தம் எல்லைக்கு வெளியே என்று பெரிய பெரிய சொற்களில் விளக்கம் சொல்கிறார். சொல்லிவிட்டு, அவள் போனதும் பின்னாலேயே போகிறார். நிறுத்தத்தை ஒட்டிய கடையில் அடுக்கிவைத்த முட்டைக்கோசுக் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். அவ்வளவு பெரிய உருவம். தலைப்பாகை முழுவதும் வெளியே தெரிகிறது. பேருந்து போய், புகையும் அடங்கும்வரை அங்கேயே நிற்கிறார்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. குமரனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு ஆண்டுக்கு முன், மங்கை போன அன்று, கோயில் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் வழியனுப்பப் போகவில்லை. சரோஜா மட்டும் போனாள். அவர்களுக்கு முன்னால் வேறு வண்டியில் ரிங்லெட் பேருந்து நிறுத்தத்தில் போய் இறங்கி, ஒரு காய்கறிக் கடையின் கூடைகளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேருந்து போனபின்னும் நின்றேன். எவரிடமும் சொன்னதில்லை. சரோஜாவிடம்கூட. இந்த நாட்குறிப்பில்கூட இன்றுவரை எழுதியதில்லை.

பழைய அகப்பாட்டுகளில் மகள் போன வழியைப் பார்த்துத் தாய் அழுவாள், செவிலி அழுவாள். தந்தை நின்றதாக ஒரு பாட்டும் என் நினைவில் இல்லை. அதனால் நான் நின்றதற்கும் பெயரில்லை, அதை யாரும் அறியவும் மாட்டார்கள் என்றிருந்தேன்.

விளக்குப் போட்டார்கள். பெயர்கள் ஓடின. கைதட்டல். அவள் பக்கம் திரும்பாமலே கேட்டேன்.

“நீ பார்த்தாயா?”

“தொப்பி தெரிஞ்சுச்சுப்பா.”

நீலக் கம்பளித் தொப்பி. உச்சியில் குஞ்சம் வைத்தது.

“ஏன் அப்போதே கூப்பிடவில்லை?”

“கூப்ட்டா போயிருப்பீங்க. நின்னீங்கன்னாவது இருக்கட்டும்னு நெனச்சேன்.”

சரோஜா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சுப்பையா வரிசைக்குள் நுழைந்து வந்து குனிந்தார். “கிராணியாரே, மறுபாதிக்கு என்ன கருத்து?” நாலைந்து பேர் கழுத்தை நீட்டினார்கள். எழுதித் தருவதாகச் சொன்னேன். இதுவரை ஐந்து முறை தொடங்கி ஐந்தையும் அடித்தாயிற்று.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவளுக்குப் பேருந்து. ரிங்லெட் வரை நானும். குளிராக இருக்கும், தொப்பி எடுத்து வைத்தாயிற்று.